கராஜ் கேள்வி பதில்: பழைய கெப்புக்கு மடங்கும் கண்ணாடி

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பக்கக் கண்ணாடியைப் பற்றித்தான். காரணம் புரிகிறது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வண்டிகளுக்குத் திரும்பத் திறந்தது. நடுவில் ஐந்து வருடம் எல்லாரும் இருக்கிற வண்டியையே துடைத்துத் துடைத்து ஓடப் பழகிவிட்டோம். திறந்த பிறகும் புது வண்டியின் விலையைக் கேட்டால் பழைய வண்டி மேல் பாசம் கூடுகிறது. வத்தளை வாசகருக்கு நீட்டிப் பதில் சொல்கிறேன். மற்றவர்கள் கோபிக்க வேண்டாம், அவர்களுக்குச் சுருக்கமாக.

கேள்வி: ஐயா, என்னிடம் 1994ஆம் ஆண்டு ஹைலக்ஸ் டபுள் கெப் ஒன்று இருக்கிறது, எல்.என். 106. அப்பா ஓடியது. பழைய சோனகத் தெருவில் சாமான் ஏற்றி வத்தளையில் எங்கள் ஹாட்வெயார் கடைக்குக் கொண்டுபோவேன். பக்கக் கண்ணாடி இரண்டும் கையால் திருப்புவது. இடது கண்ணாடியை யாராவது தட்டிவிட்டுப் போனால் நான் இறங்கிச் சுற்றிப் போக வேண்டும். மகன் ஒரு வீடியோ காட்டினான். அமெரிக்காவில் ஒருவர் தன் பழைய செவ்ரலே பிக்கப்புக்குப் புது மொடல் கண்ணாடி பூட்டியிருக்கிறார், பட்டனை அழுத்தினால் மடங்குகிறது. எனக்கும் அப்படி, சிக்னல் லைட் வைத்த விகோ (பிந்திய ஹைலக்ஸ்) கண்ணாடி பூட்ட ஆசை. முடியுமா? — வாசகர், வத்தளை

பதில்: முடியும். ஆனால் விகோ கண்ணாடியை மறந்துவிடுங்கள்.

கண்ணாடி பார்க்கப் போகுமுன் உங்கள் கதவைப் பாருங்கள். ஜன்னலின் முன் மூலையில் ஒரு முக்கோணம் இருக்கும், உட்பக்கம் பிளாஸ்டிக் மூடி போட்டிருக்கும். மூடியை மெல்ல நெம்பினால் கண்ணாடியைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்கள் தெரியும். பக்கக் கண்ணாடியின் பாரம் முழுக்க அந்த முக்கோணத்தில்தான் நிற்கிறது. விகோவின் முக்கோணம் வேறு அளவு, வேறு சரிவு. பூட்டுவதென்றால் இடையில் ஒரு தட்டு செய்ய வேண்டும். செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் செய்து கொடுத்திருக்கிறேன். முதல் கிழமை அழகாக இருக்கும். பிறகு சந்தியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது டீசல் எஞ்சினின் நடுக்கம் தட்டுக்கு ஏறி, பின்னால் நிற்கும் ஒரு பஸ் கண்ணாடியில் இரண்டாகத் தெரியும். அப்புறம் ஸ்குரூ இளகும், தண்ணீர் இறங்கும். சிக்னல் லைட்டுக்காக இவ்வளவு பாடு பட வேண்டுமா?

உங்கள் கெப்புக்குப் பணக்காரச் சகோதரன் ஒருவன் இருக்கிறான். அதே காலத்து ஹைலக்ஸ் சர்ஃப், 130 வரிசை. முன் பாதி உங்கள் கெப்பின் உடம்புதான். ஜப்பானில் அதைக் கொஞ்சம் சொகுசு வண்டியாக விற்றார்கள், அதனால் பலவற்றில் மின் கண்ணாடி, மடக்கும் மோட்டர் எல்லாம் வைத்தே வந்தன. நம் நாட்டைப் போல ஜப்பானிலும் ஸ்டியரிங் வலது பக்கம். தேட வேண்டியது அந்தக் கண்ணாடியை. உங்கள் கதவில் முன்னால் தனியாகத் திறக்கும் சின்ன ஜன்னல் இருந்தால் மட்டும் கதை வேறு. அதற்கு அடி பொருந்தாது, எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள்.

சர்ஃப் என்று கடைக்காரர் சொன்னாலும் நான் வாயை நம்பமாட்டேன். பழைய கண்ணாடியைக் கழற்றுங்கள், அதன் அடியைக் காட்போட் மட்டையில் வைத்துச் சுற்றிப் பென்சிலால் வரையுங்கள், ஸ்குரூ வரும் இடங்களைக் குத்துங்கள். அந்த மட்டையை எடுத்துக்கொண்டு பஞ்சிகாவத்தையில் பழைய பாகம் விற்கும் கடைகளுக்குப் போங்கள். மட்டை பொருந்தினால் பேரம் பேசலாம். இரண்டு பக்கமும் சோடியாக, வயர் வெட்டாமல் சொக்கெட்டோடு இருந்தால் ஒழுங்காகக் கழற்றியது. ஒற்றைக் கண்ணாடி, வயர் நறுக்கென்று வெட்டுப்பட்டுக் கிடந்தால் கிட்டப் போகாதீர்கள். தன் வண்டியில் களவு போன கண்ணாடியைத் தானே காசு கொடுத்துத் திரும்ப வாங்கினவன் கதை கொழும்பில் யாருக்குத்தான் தெரியாது. பில் கேளுங்கள். சுவிச்சையும் அதே வண்டியிலிருந்து, பின்னால் ஒரு முழம் வயரோடு கேளுங்கள். வெறும் சுவிச்சை மட்டும் கொண்டுவந்தால் வயர் மாட்டும் எந்தக் கால் எதற்கு என்று தேடியே ஒரு பகல் போகும்.

வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை. 1988 முதல் 1998 வரை வந்த செவ்ரலே பிக்கப்புக்குப் பிந்திய தலைமுறையின் கண்ணாடியைப் பூட்டுவது அங்கே பெரிய வழக்கம். அதற்கென்றே அடியும் வயரும் செய்து விற்கிறார்கள். அவர்கள் பின்னால் கேரவனும் படகும் இழுக்கிறார்கள், அதனால் வெளியே நீளும் அகலக் கண்ணாடி தேவைப்படுகிறது. அதை மாட்டிக்கொண்டு பழைய சோனகத் தெருவுக்குள் போனால் மூட்டை சுமக்கும் நாட்டாமிகள் வண்டி தள்ளிக்கொண்டு போகிற போக்கில் எடுத்துவிடுவார்கள். இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி ஓட்டுநர் பக்கக் கண்ணாடி தட்டையாக இருக்க வேண்டும், ஓட்டுநர் அங்கே இடது பக்கம். மறுபக்கம் வளைந்த கண்ணாடி, பொருள்கள் தெரிவதைவிடக் கிட்டத்தில் இருக்கின்றன என்று அதில் எழுதியிருக்கும். அந்தச் சோடியை நம் வண்டியில் போட்டால் இடது பக்கம் தட்டைக் கண்ணாடி வரும், வளைந்ததைவிட அதில் தெரியும் இடம் குறைவு. பேஸ்லைன் வீதியில் இடது பக்கம் நுழையும் த்ரீவீல் அதில் கடைசி நொடியில்தான் தெரியும். நம் ஊரில் ஆபத்து வருவதே அந்தப் பக்கத்தால்தான்.

சரி, கடையில் எப்படிப் பரிசோதிப்பது? ஒன்பது வோல்ட் சதுர பற்றரி ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஒரு கண்ணாடிக்குள் இரண்டு சின்ன மோட்டர் இருக்கின்றன. ஒன்று மேலும் கீழும், மற்றது இடமும் வலமும் திருப்பும். இரண்டுக்கும் சேர்த்து மூன்று வயர்தான் வரும், ஒன்று பொது. மூன்றில் எந்த இரண்டையாவது பற்றரியில் தொடுங்கள். கண்ணாடி நேராக மேலே அல்லது கீழே போனால் அதில் ஒன்று பொது வயர். நேராகப் பக்கவாட்டில் போனாலும் அப்படித்தான். மெதுவாக மூலைவாட்டில் இழுத்தால் பொது வயரை நீங்கள் தொடவில்லை, மின்சாரம் ஒன்றின் வழியாக மற்றதுக்குப் போய் இரண்டு மோட்டரும் சேர்ந்து ஓடுகின்றன, கையில் மிஞ்சியிருப்பதே பொது. பற்றரியைத் திருப்பிப் பிடித்தால் எதிர்ப் பக்கம் போகும். சுவிச் செய்வதும் இதுதான், மின்சாரத்தைத் திருப்பித் திருப்பிக் கொடுக்கிறது. வயர் நிறத்தை நம்பி எதையும் முடிவுசெய்யாதீர்கள். முப்பது வருடத்தில் எத்தனை மெக்கானிக் பாஸ்மார் கை வைத்த வயரோ.

மடக்கும் மோட்டருக்குத் தனியாக இரண்டு வயர். சதுர பற்றரிக்கு அதை இழுக்கச் சக்தி போதாது. கடையில் பெரிய பற்றரி இருந்தால் இடையில் ஒரு பியூஸ் போட்டுத் தொட்டுப் பாருங்கள். மடங்கி முடிந்ததும் சத்தம் தானாக நின்றால் நல்லது. முடிந்த பிறகும் உறுமிக்கொண்டே இருந்தால் அந்த மோட்டருக்குத் தானாக நிற்கும் ஏற்பாடு இல்லை, அல்லது இருந்தது பழுது. அதற்கு விரலை எடுத்ததும் விடுபடும் பட்டன்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் மோட்டர் எரியும்.

இனி வேலையின் முள் எங்கே என்று சொல்கிறேன். எல்லாரும் கண்ணாடியைப் பார்க்கிறார்கள், நான் பார்ப்பது கதவும் அது தொங்கும் தூணும் சந்திக்கும் இடத்தை. ஒரு நாளைக்கு எத்தனை முறை கதவைத் திறந்து மூடுகிறீர்கள்? அத்தனை முறையும் வயர் அந்த இடத்தில் மடிகிறது.

தொழில் தொடங்கிய புதிதில், ஆமர் வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் என் கராஜ் ஒரு தகரக் கொட்டிலாக இருந்த காலம், ஒரு கெப்புக்கு இடது மின் கண்ணாடி பூட்டினேன். கையில் வீட்டு வயரிங்குக்கு வாங்கிய ஒற்றைக் கம்பி வயர் மிச்சம் இருந்தது. அதையே கதவுக்குள் இழுத்தேன், துளையில் ரப்பரும் போடவில்லை. நாலு மாதம் ஓடியது. மடிந்து மடிந்து கம்பி முறிந்தது. முறிந்ததோடு நின்றிருந்தால் கண்ணாடி வேலை செய்யாது, அவ்வளவுதான். துளையின் விளிம்பில் வயரின் தோலும் தேய்ந்து, கம்பி தகட்டில் தொட்டது. நான் பியூஸும் போட்டிருக்கவில்லை. களனிப் பாலத்தில், நல்ல மழை, டாஷ்போட்டுக்குள்ளிருந்து புகை. வண்டிக்காரர் மறுநாள் வந்தார். சத்தம் போடவில்லை. எரிந்த வயரை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதை இன்னும் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். வேலை பழக வரும் பொடியன்களுக்கு முதல் பாடம் அதுதான்.

ஆகவே வாகன வயர்தான் வாங்க வேண்டும், உள்ளே நூல் நூலாகப் பல கம்பிகள் உள்ளது. முக்கால் சதுர மில்லிமீட்டர் போதும். கைக் கண்ணாடி வைத்து வந்த கதவிலும் தூணிலும் கம்பனி பெரும்பாலும் துளை விட்டு ரப்பர் மூடியால் அடைத்திருக்கும். இருந்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் துளை போடாதீர்கள், ஒன்றை இரண்டு அங்குலம் தாழ்த்துங்கள். அப்போது கதவு மூடும்போது வயர் ஒரே இடத்தில் மடியாமல் நீளத்துக்கும் முறுகும், அதனால் ஆயுள் கூடும். துளை போட்ட விளிம்பில் பெயின்ட் பூசாமல் விட்டால் கொழும்பின் கடல் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். நடுவில் போடும் ரப்பர் குழாயையும் சர்ஃப் கதவிலிருந்தே கேளுங்கள், பெரும்பாலும் சும்மா தருவார்கள். அந்தக் குழாய்க்குள் ஒரு இணைப்பும் வரக்கூடாது. இணைப்பெல்லாம் கதவின் உட்பக்கம், அல்லது டாஷ்போட்டுக்குள். ஈயம் பற்றவைத்த இடம் விறைப்பாகிவிடும், மடியும் இடத்தில் இருந்தால் அதன் ஓரத்தில்தான் முதலில் முறியும்.

கதவின் உள் மூடியைக் கழற்றுவது பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஜன்னல் சுற்றும் கைபிடியின் பின்னால் ஒரு வளைந்த கிளிப் இருக்கிறது. ஸ்குரூ டிரைவரால் குத்திக் கதவைக் கீறாதீர்கள். பழைய துணி ஒன்றைக் கைபிடிக்கும் கதவுக்கும் இடையில் விட்டு, சப்பாத்துத் துடைக்கிற மாதிரி இழுத்து இழுத்து ஆட்டினால் கிளிப் தெறித்து வெளியே வரும். எங்கே தெறிக்கிறது என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் எடுத்து, வேலை முடிந்ததும் அதே இடத்தில் ஒட்டுங்கள். கதவுக்குள் எப்போதும் மழைத் தண்ணீர் இறங்கும், அந்தத் தாள்தான் அதை வண்டிக்குள் வராமல் கீழே உள்ள ஓட்டைக்கு அனுப்புகிறது. ஜன்னல் கண்ணாடி இறங்கும் பாதையில் வயர் தொங்கக்கூடாது. ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டுத்தான் வயரைக் கட்ட வேண்டும்.

மின்சாரத்தைச் சாவி முதல் நிலையில் வரும் லைனிலிருந்து எடுங்கள், ரேடியோ வேலை செய்யும் நிலை. அங்கிருந்து ஏழரை அம்பியர் பியூஸ் ஒன்று தனியாகப் போட்டுச் சுவிச்சுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு கதவுக்கும் திருப்ப மூன்று, மடக்க இரண்டு, மொத்தம் ஐந்து வயர். இடது கதவுக்கு டாஷ்போட்டின் பின்னால் சுற்றிப் போக வேண்டும், அளந்ததைவிட ஒரு முழம் கூட வெட்டுங்கள்.

நிதானமாகச் செய்தால் இரண்டு நாள். ஒரே பகலில் முடித்துத் தருகிறேன் என்று சொல்கிறவர் கதவுத் தூணில் என்ன செய்யப் போகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

சிக்னல் லைட் ஆசை விடவில்லையென்றால், முன் மட்காட்டில் உள்ள பக்க சிக்னலிலிருந்து வயர் எடுத்துக் கண்ணாடியின் அடியில் சின்ன எல்.ஈ.டி. ஒன்று வைக்கலாம். பழைய பல்பைக் கழற்றி அதற்குப் பதிலாக வைக்காதீர்கள். இழுக்கும் மின்சாரம் குறைந்தால், சிக்னலை மின்னவைக்கும் பிளாஷர் பல்பு எரிந்துபோனதாக நினைத்துப் படபடவென்று அடிக்கும்.

கேள்வி: ஒழுங்கையில் நிறுத்தியிருந்த என் காரின் இடது கண்ணாடியைக் களவெடுத்துவிட்டார்கள். வேறொன்று வாங்கி, வீட்டுக்குப் பக்கத்துப் பையன் ஒருவன் வயரை இணைத்துப் பூட்டினான். இப்போது மேல் பட்டனை அழுத்தினால் கண்ணாடி பக்கவாட்டில் போகிறது. கண்ணாடி பழுதா அண்ணா? — வாசகி, வெள்ளவத்தை

பதில்: இல்லை தங்கச்சி, கண்ணாடி நல்லது. மேலே சொன்ன மூன்று வயரில் பொது அல்லாத இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. அந்த இரண்டையும் மாற்றிப் பூட்டச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. ஒரு சோடிப் பட்டனுக்கு நேராகவும் மற்றச் சோடிக்கு மூலைவாட்டிலும் போயிருந்தால் பொது வயர் மாறியிருக்கும். இடமும் வலமும் சரியாக இருந்து, மேல் பட்டனுக்குக் கீழே போய், கீழ்ப் பட்டனுக்கு மேலே போனால் மட்டும் வெளியே வயரை எப்படி மாற்றினாலும் சரிவராது. ஒன்றைத் திருத்தினால் மற்றது குழம்பும். அதற்குக் கண்ணாடியைத் திறந்து உள்ளே அந்த ஒரு மோட்டரின் இரண்டு காலை மாற்ற வேண்டும். அதற்குக் கூலி கொடுப்பதைவிட, தலைகீழாக அழுத்தப் பழகுவது லாபம் என்பேன். பையனைத் திட்ட வேண்டாம். கையிருந்தும் கேட்க ஆளில்லாமல்தான் பிழை விடுகிறார்கள்.

புதுக் கண்ணாடியில் வண்டி நம்பரைச் செதுக்கிவிடுங்கள். களவு அதனால் நின்றுவிடாது. பார்க்கிறவன் நம்பர் இல்லாத பக்கத்து வண்டிக்குப் போவான்.

கேள்வி: என் லொறி 24 வோல்ட். ஒரு டபுள் கெப்பின் மின் கண்ணாடி மலிவாக வருகிறது. பூட்டலாமா? — சாரதி, கிராண்ட்பாஸ்

பதில்: நேராகக் கொடுத்தால் கண்ணாடி ஒரு முறை பாய்ந்து திரும்பும், அப்புறம் திரும்பாது. கெப்பின் மோட்டர் 12 வோல்ட். 24ஐ 12 ஆக்கும் பெட்டி ஒன்று இடையில் போட்டால் ஓடும். இரண்டு பற்றரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு பற்றரி எப்போதும் குறையும், மற்றது அளவுக்கு மேல் ஏறும், கடைசியில் இரண்டையும் வாங்குவீர்கள். உங்கள் லொறியின் உயரத்துக்குக் கெப் கண்ணாடி சின்னது என்பதையும் யோசியுங்கள். நானாக இருந்தால் நீளக் கைக் கண்ணாடியோடு இருந்துவிடுவேன்.

கேள்வி: நுவரெலியாவுக்கு அடிக்கடி மரக்கறி எடுக்கப் போகிறேன். கண்ணாடியில் சூடேற்றும் வயரும் வருகிறது. இணைக்கட்டுமா? — வாசகர், மட்டக்குளி

பதில்: இணையுங்கள். பனிக்கட்டி உருக்கத்தான் அதை வைத்தார்கள் என்றாலும் மலைப் புகாரிலும் அடைமழையிலும் கண்ணாடி சீக்கிரம் தெளியும். மோட்டரைவிட இது கூட இழுக்கும், விட்டால் விட்டபடி இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் தனிச் சுவிச், தனி பியூஸ், சுவிச்சுக்குப் பதிலாகப் பெரிய மின்சாரத்தைத் தாங்க ஒரு ரிலே. சுவிச்சில் சின்ன விளக்கு ஒன்று இருக்கட்டும், இல்லாவிட்டால் கொழும்பு வரும்வரை அது எரிவதே தெரியாது.

கேள்வி: மடங்கும் கண்ணாடி பூட்டி ஆறு மாதம். புறக்கோட்டையில் ஒரு நாட்டாமி கையால் தள்ளி மடக்கிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஓட்டும்போது தலையாட்டிப் பொம்மை மாதிரி ஆடுகிறது. புதிது வாங்க வேண்டுமா? — வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: அவசரப்பட வேண்டாம். உள்ளே பல்லும் பள்ளமுமாக ஒன்றில் ஒன்று உட்காரும் தட்டு இருக்கிறது. கையால் தள்ளும்போது பல் பள்ளத்திலிருந்து ஏறி வெளியே நிற்கிறது, அதுதான் ஆட்டம். கையால் திரும்பத் தள்ளிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். வண்டியை நிறுத்தி, சாவியைப் போட்டு, சுவிச்சால் முழுக்க மடக்குங்கள், முழுக்க விரியுங்கள். இரண்டு மூன்று தடவை செய்தால் டக் என்று ஒரு சத்தம் கேட்கும், பல் உட்கார்ந்துவிட்டது. ஐந்தாறு தடவைக்கும் கேட்கவில்லையென்றால் பல் உடைந்திருக்கும், கழற்றிக்கொண்டு வாருங்கள். அடுத்த முறை புறக்கோட்டைக்குள் திரும்புமுன் நீங்களே மடக்கிவிடுங்கள்.